விளக்கைச் சுற்றிய வளையம்

எங்கள் ஊரில் ஓர் ஆம்பிளையை எடைபோட வேண்டுமென்றால் அவன் தேநீர் ஊற்றுகிற கையைப் பார்த்தால் போதும். கெண்டியைத் தோள் உயரத்துக்குத் தூக்கி, பேச்சையும் நிறுத்தாமல், குனிந்தும் பார்க்காமல், சின்னக் கண்ணாடிக் குவளைக்குள் நூல் பிடித்தாற்போல இறக்க வேண்டும். மேலே நுரை கட்ட வேண்டும். ஒரு சொட்டு தட்டில் சிந்திவிட்டால், கூட இருக்கிறவர்கள் ஒரு வாரத்துக்குச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். மராகேஷ்காரனுக்குச் சிரிக்க ஒரு சாக்கு கிடைத்தால் விடுவானா என்ன.

ஜிலாலி இதில் மன்னன். பெண் பார்க்க வந்த அன்று மஹ்ஜூபாவின் அண்ணன்மார் வேண்டுமென்றே கெண்டியை அவன் கையில் கொடுத்துச் சோதித்தார்கள். அவன் எழுந்து நின்று தலைக்கு மேலே தூக்கி ஊற்றினான். கதவிடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த மஹ்ஜூபா அந்த உயரத்தில்தான் விழுந்தாள். அதை அவளே எல்லாரிடமும் சொல்லுவாள், வெட்கமெல்லாம் கிடையாது.

அப்படிப்பட்டவன் இப்போது கெண்டியின் மூக்கைக் குவளை விளிம்பில் ஒட்டவைத்து ஊற்றிக்கொண்டிருந்தான்.

"என்ன மனுஷா இது, பச்சப்பிள்ளைக்கு மருந்து ஊத்துற மாதிரி ஊத்துற?" என்றாள் மஹ்ஜூபா.

"நுரை வயித்துக்கு ஆகாதாம். வாயுவாம்."

"யாரு சொன்னா?"

"யாரோ சொன்னாங்க."

"இத்தனை வருஷமா அந்த வாயு எங்க போயிருந்துச்சு?"

"உள்ளேயேதான் இருந்துச்சு, நல்லவங்க பெத்த பொண்ணே. வெளிய வர நேரம் பாத்துட்டு இருக்கு. நீ வேணா கொஞ்சம் தள்ளி உக்காரு."

வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பாள். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. கிழக்கேயிருந்து ஷெர்கிக் காற்று சில நாளாகவே அடித்துக்கொண்டிருந்தது. பாலைவனத்துச் சூட்டையெல்லாம் வாரிக்கொண்டு வந்து வீட்டுக்குள் கொட்டுகிற காற்று அது. அது அடிக்கும்போது ரொட்டி மாவு சீக்கிரம் புளிக்கும், குழந்தைகள் காரணமில்லாமல் அழும், புருஷன் பெண்டாட்டி சண்டை தெருவுக்கு வரும். மஹ்ஜூபாவுக்கு உட்கார்ந்த இடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. ஆனால் அது காற்றினால் மட்டும் அல்ல என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

ஜாமா அல்-ஃபனா சதுக்கத்தில் ஜிலாலிக்குச் சுடுகறிக் கடை. பகலில் அங்கே போனால் வெறும் கல் தரைதான் இருக்கும். சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் இரும்புச் சட்டங்களையும் பலகைகளையும் வண்டியில் தள்ளிக்கொண்டு வந்து, தகப்பன் காலத்திலிருந்து நிற்கிற அதே இடத்தில் நிறுத்தி, விளக்கு மாட்டி, கரி மூட்டுவார்கள். ஒரு மணி நேரத்தில் ஓர் ஊரே முளைத்துவிடும். விடிவதற்குள் அந்த ஊர் மறுபடி வண்டியேறிப் போய்விடும். இதற்கான கறிவேலை முழுக்கக் காலையில் வீட்டில் நடக்கும். கல்லீரலைத் துண்டு போடுவது, இடையிடையே கொழுப்பு வைத்துக் கம்பியில் கோப்பது, கொத்துக்கறியில் சீரகமும் மல்லித்தழையும் போட்டுப் பிசைவது எல்லாம். கத்திவேலை எப்போதும் ஜிலாலியுடையது. ரமலானுக்குப் பிறகு, மணிக்கட்டு வலிக்கிறது என்று கத்தியை மஹ்ஜூபாவிடம் தள்ளிவிட்டான். அவளும் பாவம் என்று எடுத்துக்கொண்டாள். பிறகுதான் அவன் விரல் நுனிகளைக் கவனித்தாள். எல்லாம் பொசுங்கிக் காய்த்திருந்தன. நேற்று வந்த வேலைக்காரனுக்குக்கூட அப்படி ஆகாது.

கஞ்சா பிடிக்கிறானோ என்று முதலில் சந்தேகப்பட்டாள். அவன் தூங்கும்போது ஜெல்லாபா அங்கியை எடுத்து முகர்ந்து பார்த்தாள். கரியும் சீரகமும்தான் மணத்தன.

அன்று காலை ரொட்டிப் பலகையைத் தூக்கிக்கொண்டு தெருமுனைப் பொது அடுப்புக்குப் போனபோது ஹனியா அங்கே முன்னாலேயே நின்றுகொண்டிருந்தாள். ஹனியா, புஷாயிப்பின் மனைவி. சதுக்கத்தில் ஜிலாலியின் கடைக்கு நேர் எதிரே ஆட்டுத்தலை அவித்து விற்கிறவன் புஷாயிப். இரண்டு வீட்டுக்கும் ஒட்டுறவு அதிகம். பெருநாளுக்கு ஆடு வாங்கக்கூட ஒன்றாகத்தான் போவார்கள். போவார்கள் என்ன, போனார்கள். இப்போது பேச்சுவார்த்தை இல்லை.

ஹனியா சுவரைப் பார்த்துப் பேசினாள். "பெரிய வீட்டு ரொட்டியெல்லாம் இந்த அடுப்புல வேகுமா என்னவோ."

"என்கிட்ட பேசுறதுன்னா என் மூஞ்சியைப் பாத்துப் பேசு, ஹனியா."

"உன் வீட்டுக்காரரு எங்க வீட்டுக்காரரு மூஞ்சியைப் பாக்குறாரா? நான் மட்டும் பாக்கணுமா?"

"என்ன நடந்துச்சுன்னு சொல்லித் தொலையேன். அந்த மனுஷனும் வாயைத் திறக்க மாட்டேங்குறாரு."

"என்ன நடந்துச்சா? எங்காளு வண்டியை நிறுத்திட்டு, அந்தச் சத்தத்துல நெஞ்சுல கையை வச்சே ஸலாம் காட்டுறாரு. உன் ஆளு எதிர்ல நின்னு பாத்துக்கிட்டே இருக்காரு. பதிலுக்குக் கை அசையல. ஒரு நாளுன்னா போகட்டும். தினமும். ஊரே பாக்குது. எங்காளு ராத்திரி சாப்பிடாமப் படுத்தாரு, தெரியுமா? தலைக்கடைக்காரன்னா அவ்வளவு இளக்காரமாப் போச்சா?"

"சேச்சே, அவரு அப்பிடிப்பட்டவரு இல்ல."

"அப்பிடிப்பட்டவரா இல்லாமத்தான் இருந்தாரு. மக போட்ட படத்தை மாளிகையில மாட்டினாங்கல்ல, அன்னிலேருந்து ஜிலாலி சுல்தான் ஆயிட்டாரு. அந்தப் படத்தையும் எங்காளு போய்ப் பாத்துட்டு வந்தாரு. சதுக்கமாம் அது. சதுக்கத்துல ஒரு ஆளு இல்ல. எங்க கடை இல்ல, பாம்பாட்டி இல்ல, ஜூஸ்காரன் இல்ல, குதிரை வண்டி இல்ல. எல்லாரையும் கரித்துணியால துடைச்சுப் போட்டுட்டா உம் மக. அப்பன் நெஜத்துல துடைக்கிறாரு, மக படத்துல துடைக்கிறா."

மஹ்ஜூபாவுக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் படத்தைப் பற்றி அவள் மனசில் இருந்ததும் அதுதான்.

கிஸ்லான் அவர்களுக்கு ஒரே மகள். வடக்கே தெத்துவானில் ஓவியம் படித்துவிட்டு வந்து புதுநகரில் ஒரு பள்ளிக்கூடத்தில் வரையச் சொல்லிக்கொடுக்கிறாள். அந்தப் பள்ளியின் பின்கட்டிலேயே மாதக்கணக்கில் நின்று அந்தப் படத்தைப் போட்டாள். கதவைப் படுக்கப் போட்டது போல அவ்வளவு நீளம். பழைய மாளிகை ஒன்றைப் படக்கூடமாக மாற்றியிருந்தார்கள், அங்கே மாட்டினார்கள். திறப்பு நாளன்று மஹ்ஜூபா நல்ல காஃப்தான் உடுத்திக்கொண்டு போனாள். போய்ப் பார்த்தால், அடுப்படிச் சுவரை யாரோ அரைகுறையாகத் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. சாம்பல் நிறம் ஒரு பட்டை. துருப்பிடித்த சிவப்பு ஒரு பட்டை. நடுவில் மஞ்சளாக உருண்டை உருண்டையாக ஏதோ, ஒவ்வொன்றையும் சுற்றி வளையம். ஓரமெல்லாம் கருப்பு. கீழே "சதுக்கம்" என்று எழுதியிருந்ததால் சதுக்கம் என்று தெரிந்துகொண்டாள்.

ஜிலாலி திறப்பு நாளுக்கு வரவில்லை. கரி வாங்கப் போக வேண்டும் என்றான். அதற்குப் பிறகும் ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம். கிஸ்லான் வாய்விட்டுக் கேட்கவில்லை, ஆனால் வீட்டில் அவள் சாப்பாடு குறைந்தது, பேச்சு குறைந்தது.

ரொட்டியோடு திரும்பி வந்ததும் மஹ்ஜூபா மகளிடம் போய் உட்கார்ந்தாள். கிஸ்லான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏன்டி, அந்தப் படத்துல நம்ம புஷாயிப் கடையைக் கொஞ்சமாச்சும் போட்டிருக்கக் கூடாதா? ஒரு ஆட்டுத்தலை போட்டா என்ன கொறஞ்சு போகும்?"

"இருக்கும்மா. எல்லாரும் இருக்காங்க."

"எங்க இருக்காங்க? நான் பொட்டச்சி, படிக்காதவ. எனக்குத் தெரியல. புஷாயிப்புக்கும் தெரியல."

கிஸ்லான் துடைத்த கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். பிறகு சொன்னாள்: "ஒரு நாள் சாயந்தரம் காப்பிக்கடை மாடியில நின்னுட்டு இருந்தேன். கீழே இருந்து புகை வந்து கண்ணாடியெல்லாம் மங்கிடுச்சு. கழட்டினேன். கண்ணு எரிஞ்சுது, தண்ணியா வந்துச்சு. பாதி மூடிக்கிட்டுப் பாத்தா, சதுக்கமே வேற மாதிரி இருந்துச்சு. ஆளு, கடை, சத்தம் எல்லாம் ஒண்ணாக் கலந்து, வெளிச்சம் மட்டும் மிதக்குது. எனக்கு அழுகை வந்துடுச்சும்மா. அதைத்தான் போட்டேன். நீயும் கண்ணைப் பாதி மூடிப் பாரேன், தெரியும்."

மஹ்ஜூபா கண்ணைப் பாதி மூடி மகளைப் பார்த்தாள். மகள் ஒரு நீலத் திட்டாகத் தெரிந்தாள். "கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பாக்கும்போதும் இப்பிடியே பாத்துக்கலாம், ஒரு குறையும் தெரியாது" என்றாள்.

கிஸ்லான் சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே கேட்டாள்: "அப்பாவுக்கு அதைப் பாக்க வெட்கமாம்மா? கடைக்காரங்க கேலி பண்றாங்கன்னு வர மாட்டேங்குறாரா?"

அந்தக் கேள்வி மஹ்ஜூபாவைக் குடைந்துவிட்டது. வெளியே கேட்டால் திமிர் என்கிறார்கள், வீட்டுக்குள் கேட்டால் வெட்கம் என்கிறாள். இரண்டும் அவள் புருஷனுக்குப் பொருந்தவில்லை. ஒன்று மட்டும் பொருந்தியது: சதுக்கத்தில் எதிர்க்கடைக்காரனுடைய துணை இல்லாமல் எவனும் பிழைக்க முடியாது. கரி தீர்ந்தால் கொடுப்பவன் அவன், தொழுகைக்குப் போனால் கடையைப் பார்த்துக்கொள்பவன் அவன், காற்றில் பொறி பறந்தால் ஓடி வருகிறவன் அவன். புஷாயிப் கைவிட்டால் மற்றவர்களும் விட்டுவிடுவார்கள். இப்படியே போனால் கடையும் போகும், மகளும் மனசு விட்டுப் போவாள். இன்றைக்கு இதற்கு ஒரு முடிவு கட்டிவிட வேண்டும் என்று எழுந்தாள்.

வெள்ளிக்கிழமை என்பதால் பகலுக்குக் கோதுமை ரவையில் அவித்த குஸ்குஸ். ஜிலாலி தொழுதுவிட்டு வந்து, பூசணியும் சுண்டலும் போட்ட குஸ்குஸை உருட்டிச் சாப்பிட்டு, மோர் குடித்து ஏப்பம் விட்டான். அவன் சாய்வதற்கு முன்னால் மஹ்ஜூபா அவன் செருப்பைக் கொண்டுவந்து முன்னால் போட்டாள்.

"கிளம்பு."

"எங்க?"

"படம் பாக்க. உம் மக அங்க நிக்கிறா. இன்னிக்கு நீ வரலேன்னா நான் எங்கண்ணன் வீட்டுக்குப் போறேன். அவன் பொண்டாட்டி சமையலைச் சாப்பிட்டு நான் செத்தா பாவம் உனக்குத்தான்."

"கரி வாங்கணுமே."

"கரி ஓடிப் போகாது."

ஜிலாலி காலால் துழாவிச் செருப்பை மாட்டினான். பிறகு ஒரு பெருமூச்சு விட்டு எழுந்து, "சரி, வா. நீயே என்னைக் கூட்டிட்டுப் போ" என்றான்.

அவர்கள் வீடு இருந்த பாப் அய்லானிலிருந்து மாளிகைக்குச் சந்து வழிதான். வெயிலிலிருந்து சந்துக்குள் நுழைந்ததும் ஜிலாலி அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டான். பைக் ஒன்று வளைவில் சீறிக்கொண்டு வந்தபோது இன்னும் இறுக்கிப் பிடித்தான். எதிரே கழுதை வண்டிக்காரன், "ஒதுங்கு, ஒதுங்கு, புதுமாப்பிள்ளை ஒதுங்கு" என்று கத்தினான். மஹ்ஜூபாவுக்குக் காதெல்லாம் சூடானது. இந்த வயதில் கை கோத்து நடக்கிறானே என்று கூச்சமாகவும் இருந்தது, விட்டுவிடுவானோ என்று பயமாகவும் இருந்தது. கையை உதறவில்லை.

மாளிகைக்குள் குளுமையாக இருந்தது. அந்த நேரத்தில் வேறு ஆள் இல்லை. கிஸ்லான் வாசலில் நின்றவள் அப்பாவைப் பார்த்ததும் ஓடி வந்தாள், பிறகு பாதியில் தயங்கி நின்றாள்.

"வந்துட்டீங்களாப்பா."

"உங்கம்மா போலீஸ் மாதிரி பிடிச்சுட்டு வந்துட்டா. எங்க அந்தப் படம்?"

அவள் அவனைச் சுவருக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள். நிறுத்திவிட்டு இரண்டு கையையும் பிசைந்துகொண்டு நின்றாள். "பிடிக்கலேன்னா சொல்லிடுங்கப்பா. புரியலேன்னாலும் பரவாயில்ல. எல்லாரும் அப்பிடித்தான் சொன்னாங்க."

ஜிலாலி படத்துக்கு ரொம்பக் கிட்டே போனான். பிறகு பின்னால் வந்தான். தலையை இடப்பக்கம் சாய்த்தான், வலப்பக்கம் சாய்த்தான். மஹ்ஜூபா மனசுக்குள்ளேயே வேண்டிக்கொண்டாள். மனுஷா, புரியாவிட்டாலும் நல்லதாக ஒரு வார்த்தை சொல்லிவிடு. புஷாயிப் மாதிரி ஆட்டுத்தலை எங்கே என்று கேட்டு வைக்காதே.

"அட" என்றான் ஜிலாலி.

அவன் முகம் மலர்ந்துவிட்டது. பல மாதமாக அந்த முகத்தில் காணாத மலர்ச்சி. கையை நீட்டி, படத்தைத் தொடாமல், காற்றிலேயே காட்ட ஆரம்பித்தான்.

"இது புஷாயிப் கடை விளக்கு. அவன்தான் பெரிய குண்டு பல்பு போடுவான், கஞ்சன் மத்ததுக்கெல்லாம். இந்தா, இது பக்கத்துல நம்ம விளக்கு. இந்த ஆரஞ்சு கோடு ஜூஸ் வண்டி வரிசை. இந்தச் சாம்பல் நம்ம புகை, கிழக்கே சாயுது, ஷெர்கி இல்லாத நாள் இது. அந்தச் சிவப்பு அஸர் தொழுகைக்கு அப்புறம் சுவத்துல அடிக்கிற வெயிலு. சரிதானே?"

கிஸ்லான் வாயில் கையை வைத்துக்கொண்டாள். "சரிதான்ப்பா. அத்தனையும் சரி."

"விளக்கைச் சுத்தி வளையம்கூட விடல பாரு. கெட்டிக்காரி."

"எப்பிடிப்பா கண்டுபிடிச்சீங்க? எங்க வாத்தியாருங்களுக்குக்கூட ஒவ்வொண்ணா சொல்ல வேண்டியிருந்துச்சு."

"என்னத்தைக் கண்டுபிடிக்க? போட்டோ பிடிச்ச மாதிரி அப்பிடியே போட்டிருக்கியே. ஷெர்கி வர்றதுக்கு முன்னாடி சாயந்தரம் நான் கடையில நின்னு பாத்தப்ப இப்பிடித்தான் இருந்துச்சு. ஓரமெல்லாம் கருப்பு. ஒரு மயிரிழை மாறல."

கிஸ்லான் அப்பாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். சந்தோஷத்தில் அழுதாள். ஜிலாலி அவள் தலையைத் தடவிக்கொடுத்தான். இரண்டு பேரும் மஹ்ஜூபா பக்கம் திரும்பவில்லை.

கண்ணைப் பாதி மூடிப் பாரேன் என்று காலையில் மகள் சொன்னது மஹ்ஜூபாவின் காதில் கேட்டது. கெண்டியின் மூக்கு குவளை விளிம்பில் ஒட்டியிருந்தது ஞாபகம் வந்தது. கத்தி, பொசுங்கிய விரல், பதில் கிடைக்காத ஸலாம், சந்தில் பிடித்த கை. இவனுக்குத் திமிருமில்லை வெட்கமுமில்லை. அடப்பாவி மனுஷா, உனக்குக் கண்ணு தெரியலையா.

மகள் முன்னால் எதுவும் கேட்கவில்லை. வெளியே வந்ததும் குத்துபிய்யா கோபுரத்துக்குப் பக்கத்துத் தோட்டத்தில் நாரத்தை மர நிழலில் இருந்த பெஞ்சில் அவனை உட்காரவைத்தாள். தானும் உட்கார்ந்தாள். அவன் முகத்துக்குப் பக்கவாட்டில் விரலை நீட்டினாள்.

"இது எத்தனை?"

ஜிலாலி சிரிக்கப் பார்த்தான், வரவில்லை.

"எப்ப தெரிஞ்சுது உனக்கு?" என்றான்.

"அந்தப் படத்துக்கு முன்னாடி நின்னப்ப. ஊர்ல ஒருத்தருக்கும் தெரியாத படம் உனக்குத் தெரிஞ்சுதே, அப்ப. சொல்லு. எவ்வளவு போயிருக்கு?"

"ஒரு கண்ணு போயாச்சு. இன்னொண்ணு போயிட்டிருக்கு. நேரா பாத்தா கொஞ்சம் தெரியும், நிறமா, வெளிச்சமா. ஓரத்துல ஒண்ணும் இல்ல. காசாபிளாங்காவுக்கு மாமா மவுத்துக்குப் போனேன்ல, அப்ப அங்க ஒரு டாக்டர்கிட்ட காமிச்சேன். கண்ணுக்குள்ள அழுத்தமாம். போனது திரும்பாதாம். இருக்கிறதைக் காப்பாத்த மருந்து கொடுத்தாரு. புகைகிட்டப் போகாதே, நெருப்புகிட்டப் போகாதேன்னாரு."

"நீ ரெண்டுக்கும் நடுவுல போய் நின்னுக்கிட்டே."

"வேற எங்க போய் நிக்க?"

"மருந்தாவது ஊத்துறியா?"

"ஊத்துறேன். கரி மூட்டைக்குப் பின்னால வச்சிருக்கேன்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே, மனுஷா. நான் யாரு? தெருவுல போறவளா?" அவளுக்கே கோபமா துக்கமா என்று பிரிக்க முடியவில்லை. இரண்டு கையாலும் அவன் தோளில் அடித்தாள்.

அவன் வாங்கிக்கொண்டான். "சொன்னா என்ன ஆகும்? நீ என்னை மூலையில உக்கார வச்சுடுவே. கிஸ்லான் படம் போடுறதை விட்டுட்டு என் கையைப் பிடிச்சுக்கிட்டு நடப்பா. சதுக்கத்துல எல்லாரும் பாவம் ஜிலாலின்னு உச்சுக்கொட்டுவாங்க. புஷாயிப் என்னைத் திமிரு பிடிச்சவன்னு சொன்னான், கேட்டேன். தேவலைன்னு இருந்துச்சு. பாவம்னு சொல்றதைக் கேக்க முடியாது, மஹ்ஜூபா."

"மககிட்ட சொல்லியாகணும்."

"இன்னிக்கு அவ குரலைக் கேட்டியா? அவ படத்தை இந்த ஊர்ல ஒருத்தன் புரிஞ்சுக்கிட்டான், அதுவும் அவ அப்பன். அந்தச் சந்தோஷத்துல இருக்கா. உங்கப்பன் புரிஞ்சுக்கல, அவனுக்குக் கண்ணு அவிஞ்சு போச்சுன்னு இப்பவே போய்ச் சொல்லணுமா?"

மஹ்ஜூபா யோசித்தாள். அவன் சொல்வதிலும் நியாயம் இருந்தது. அதுதான் எரிச்சலாக இருந்தது. "படம் சுவத்துல இருக்கிற வரைக்கும் நான் வாயைத் திறக்கல. மாசக் கடைசியில இறக்குவாங்களாம். இறக்கின அன்னிக்கு நீயே சொல்லணும். சொல்லலேன்னா நான் சொல்லுவேன்."

"சரி."

"இன்னிலேருந்து அடுப்புல நான் நிக்கிறேன்."

"நீயா? சதுக்கத்துல என்ன சொல்லுவாங்க?"

"என்ன வேணா சொல்லட்டும். நீ சுல்தான்னா நான் சுல்தானி. எழுந்திரு."

வெயில் தாழ்ந்திருந்தது. ஷெர்கி ஓய்வதும் மறுபடி எழுவதுமாக இருந்தது. வண்டிகள் தடதடவென்று சதுக்கத்துக்குள் வந்துகொண்டிருந்தன. ஜிலாலி இரும்புச் சட்டத்தைக் கையால் தடவித் தடவி மாட்டினான். அதில் மட்டும் ஒரு பிசகும் இல்லை. மஹ்ஜூபா கரியை மூட்டி விசிறினாள். கடைக்கு ஆள் கூப்பிடும் ஸ்லிமான் அவளைப் பார்த்ததும், "முதலாளியம்மா லல்லா மஹ்ஜூபாவே வந்துட்டாங்க, இனிமே கறி வேகலேன்னா புகார் சொல்ல ஆளில்ல" என்று கத்திவிட்டுப் போனான்.

எதிரே புஷாயிப் வந்துவிட்டான். மஹ்ஜூபா புருஷன் காதோரம் சொன்னாள்: "எதிர்ல புஷாயிப். குனிஞ்சு தலையை அடுக்கிட்டிருக்கான். ஆனா ஓரக்கண்ணால உன்னைத்தான் பாக்குறான்."

ஜிலாலி நெஞ்சில் கையை வைத்தான். "ஸலாமு அலைக்கும். ஓய் புஷாயிப், உன் ஆட்டுத்தலையெல்லாம் என்னையே முறைச்சுப் பாக்குது, நீ மட்டும் ஏன்யா குனிஞ்சுக்கிற?"

புஷாயிப் நிமிர்ந்தான். முகத்தை இறுக்கமாக வைத்துக்கொள்ளப் பார்த்தான். முடியவில்லை. "சுல்தான் வாயைத் திறந்துட்டாரு" என்றான் தன் கடைப்பக்கம் திரும்பி. பிறகு அவனும் நெஞ்சில் கையை வைத்து, "அலைக்கும் ஸலாம்" என்றான். "கையை வச்சிருக்கான்" என்றாள் மஹ்ஜூபா மெதுவாக. "தெரியும்" என்றான் ஜிலாலி. அவனுக்கு எப்படித் தெரியும். ஆனாலும் அவன் கண்ணில் தண்ணீர் நின்றது. புகை என்று சொல்லிக்கொள்ளலாம்.

அதற்குப் பிறகு அவள் ஓயாமல் முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். வலப்பக்கம் நத்தைக் கடைக்காரன், கையசைக்கிறான். இடப்பக்கம் ரெண்டு பேரு, வெளியூரு. அந்த விளக்குக் கம்பத்துக்கு ஸலாம் சொல்லாதே. ஜிலாலி ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினான், கையசைத்தான், கேலி பேசினான். பழைய ஜிலாலி பாதி திரும்பிவிட்டான். மாசக் கடைசி வரை இப்படியே ஓட்டிவிடலாம் என்று மஹ்ஜூபா நினைத்தாள்.

விளக்குகள் எரியத் தொடங்கின.

"ஜூஸ் வண்டிப் பக்கத்துலேருந்து உம் மக வர்றா" என்றாள்.

"எப்பிடி வர்றா?"

"ஓடி வர்றா. சிரிச்சுக்கிட்டே வர்றா."

ஜிலாலி அந்தப் பக்கம் திரும்பிக் கையை உயரத் தூக்கி ஆட்டினான். இத்தனை கூட்டத்தில், அத்தனை தூரத்திலிருந்தே அப்பா தன்னைப் பார்த்துவிட்டார் என்று கிஸ்லானுக்கு இன்னும் சிரிப்பு பொங்கியது. மூச்சு வாங்க வந்து நின்றாள்.

"ப்பா, படத்தை இறக்க மாட்டாங்களாம். அவங்களே வச்சுக்கிறாங்களாம். நீங்க போனதுக்கப்புறம் வந்து சொன்னாங்க. இனிமே அது எப்பவுமே அங்கதான் இருக்கும். நீங்க எப்ப வேணா போய்ப் பாக்கலாம்."

மஹ்ஜூபாவின் கை அடுப்புக்கு மேலேயே நின்றுவிட்டது. படம் சுவரில் இருக்கிற வரைக்கும் என்று அவள்தான் வாக்குக் கொடுத்திருந்தாள். புருஷனைப் பார்த்தாள். அவன் சிரித்தான். தப்பித்துவிட்டான் என்றே அவள் நினைத்தாள்.

ஜிலாலி சிரிப்பை நிறுத்தினான். கம்பியைத் தட்டில் வைத்துவிட்டு, கையைத் துணியில் துடைத்துக்கொண்டான்.

"மகளே, கண்ணாடி போட்டிருக்கியா?"

"போட்டிருக்கேன்ப்பா."

"கழட்டு. அந்தப் படத்துக்காகப் பாத்தியே, அதே மாதிரி கண்ணைப் பாதி மூடிக்கிட்டு சதுக்கத்தைப் பாரு."

அவள் விளையாட்டாகக் கழற்றினாள். பார்த்தாள். "படம் மாதிரியே இருக்குப்பா."

"எனக்கும் அப்பிடித்தான் இருக்கு. நான் கண்ணைத் திறந்து வச்சுக்கிட்டுப் பாக்குறேன், மகளே. ரொம்ப நாளாவே இப்பிடித்தான் பாக்குறேன்."

கிஸ்லான் கொஞ்ச நேரம் சிரித்தபடியே நின்றாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள். அம்மா தலையைக் குனிந்துகொண்டதைப் பார்த்தாள். கண்ணாடி கையிலேயே இருந்தது.

"படத்துல ஆளே இல்லைன்னு ஊரே கேட்டுச்சுல்ல" என்றான் ஜிலாலி. "எனக்கும் ஆளு தெரியல. குரலை வச்சுத்தான் கண்டுபிடிக்கிறேன். ஆனா நீ போட்டது பொய்யில்ல. அதை நான் எங்க வேணா சொல்லுவேன். நீ பேசிக்கிட்டே இரு, அது போதும் எனக்கு."

கிஸ்லானுக்குப் பேச்சு வரவில்லை. அடுப்பில் கல்லீரல் கருகத் தொடங்கியிருந்தது. மஹ்ஜூபா கம்பிகளைத் திருப்பிப் போட்டாள். கொழுப்பு நெருப்பில் சொட்டிப் புகை எழுந்தது. எதிர்க்கடையில் புஷாயிப் யாரையோ சத்தம் போட்டுக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"கிஸ்லான்?" என்றான் ஜிலாலி, அவள் நின்ற இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி எரிந்துகொண்டிருந்த விளக்கைப் பார்த்து.

"இங்கதான்ப்பா இருக்கேன்."